கைதட்டலுக்கு விட்ட இடம்

வாகினி என்ற பெண் விஞ்ஞானி நிலாவில் தனியாக மாட்டிக்கொள்கிற கதையை மூன்று படங்களாக எடுத்தவர் அமலோற்பவம். அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நிறையப் பேர்.

இருபத்தைந்து வருடம் கழித்து, இன்றைய பிள்ளைகளுக்காக அதை முதலிலிருந்து புதிதாக எடுக்க ஒரு கம்பெனி முடிவு செய்தது. அமலோற்பவத்தைக் கூப்பிடவில்லை. அவரிடம் பதினெட்டு வருடம் உதவி இயக்குநராக இருந்த செங்கமலத்தைக் கூப்பிட்டது. ஐம்பத்தொரு வயதில் செங்கமலத்துக்கு அதுதான் முதல் படம்.

முடித்த படத்தை வெள்ளிக்கிழமை கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் ஒரு சின்னத் தியேட்டரில் குருவுக்குப் போட்டுக் காட்டினாள். முப்பது நாற்காலி. இவர்கள் இரண்டு பேர்.

"சாப்பிட்டியாடி?"

"இறங்கலை மேடம்."

"படம் அவ்வளவு நல்லா வந்திருக்கா?"

"கிண்டல் பண்ணாதீங்க. பழைய ஆளுங்க திட்டக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கும் புரியணும். யாருக்குன்னு எடுக்கறது? இது ஓடலேன்னா எனக்கு இன்னொரு படம் யார் தருவா?"

"போடச் சொல்லு."

விளக்கு அணைந்தது.

திரையில் வாகினி, பழைய படங்களில் போட்டிருந்த அதே சிவப்புத் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். பிறகு அப்படியே நின்றாள். பேசவில்லை, நடக்கவில்லை.

"மிஷின் நின்னுடுச்சா?"

"இல்லை மேடம். அங்க கைதட்டுவாங்க, விசில் அடிப்பாங்க. அடுத்த வசனம் காதுல விழணுமே. அதுக்கு அஞ்சு செகண்ட் விட்டிருக்கேன்."

"ஓ."

பழைய ரோபோ கதவைத் திறந்துகொண்டு வந்தது. ஐந்து விநாடி. பழைய பாட்டின் இசை வந்தது. ஐந்து விநாடி. ஒவ்வொரு முறையும் ஏ.சி.யின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பதினோராவது இடத்தில் செங்கமலமே கைதட்டினாள். காலித் தியேட்டரில் ஒரே ஒரு ஆள் தட்டும் சத்தம் அவளுக்கே தாங்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் முடிந்தது. அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்கிட்ட குடுத்துட்டாங்கன்னு உங்களுக்கு வருத்தமா மேடம்?"

"இருந்துச்சு. அதை விடு. வாகினி நிலாவுல எத்தனை நாள் இருக்கா?"

"நானூறு நாள். நீங்க எழுதினதுதானே."

"தினமும் பூமிக்குப் பேசறாளே, பதில் வருதா?"

"கடைசி வரைக்கும் வராது. கேட்க ஆள் இருக்கான்னே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பேசுவா. அதுக்குத்தானே மேடம் ஜனங்க அழுதாங்க."

"உன் படத்துல அவளுக்குத் தெரியுதே."

"என்ன தெரியுது?"

"நாம இங்க உட்கார்ந்திருக்கிறது."