பதிவாளர் வாசிக்க வேண்டிய பெயர்

முதலாவது, பல்கலைக்கழக விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள். இரண்டாவது, காரணம் கேட்கப் போன மாணவர்களை நிர்வாகக் கட்டட வாசலில் வெயிலில் நிற்க வைத்தார்கள். மூன்றாவது, நின்றவர்கள்மேல் காவல்துறையை ஏவினார்கள். நான்காவது, தடியடியைச் செய்தியாகச் சொன்ன வளாக வானொலிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஐந்தாவது, அந்தச் செய்தியை வாசித்த மாணவி பேச்சியம்மாளின் முதுகலைப் பட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நிர்வாகம் எப்போதும் ஐந்தாவதிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கும்.

பேச்சியம்மாளுக்குச் செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் தொடர்பியல் பேராசிரியர் எஸ்தர் மனோரஞ்சிதம். தற்காலிக விரிவுரையாளராக வந்து, பழைய சைக்கிள் கொட்டகையில் அந்தத் துறையை உண்டாக்கியவர். மாணவர்களைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப்போய், ஹாரன் சத்தத்துக்கு நடுவே பூ விற்கிறவர்களுக்குச் செய்தி வாசிக்கச் சொல்வார். கேட்டவர்களுக்கு விளங்கவில்லை என்றால் திருத்தி எழுதி மறுபடியும் வாசிக்க வேண்டும். ஊழியர் சங்கத்துக்காக நான் எழுதும் துண்டறிக்கைகளையும் அவர் விட்டதில்லை.

"அண்ணாச்சி, பக்கம் முழுக்கக் கொடுங்கோல்னு இருக்கு. என்ன நடந்ததுன்னு ஒரு இடத்துலயும் இல்லையே" என்று சிரிப்பார்.

பட்டம் நிறுத்தப்பட்ட அன்று அவர் பேச்சியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தார்: "பட்டமளிப்பு அன்னிக்கு நாலு பேர் கேட்க உன் பேரை நான் வாசிப்பேன்."

அதற்குள் அவரையே பதிவாளர் ஆக்கினார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்பறையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் பெண். எங்கள் சங்கத்திலேயே சிலர் அவர் விலைபோய்விட்டதாகப் பேசினார்கள். நான் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். பொறுப்பேற்றபோது ஆட்சிக்குழுவுக்கும் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார்: இந்தப் பதவியில் இருக்கும்வரை குழுவின் முடிவை மீற மாட்டேன். எல்லாப் பதிவாளர்களும் கொடுத்த வாக்குதான். காப்பாற்றும் எண்ணத்தோடு கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

பதவியில் உட்கார்ந்து பேச்சியம்மாளுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினார். ஆட்சிக்குழு பாதி இறங்கி வந்தது. பட்டம் கொடுக்கலாம், ஆனால் அஞ்சலில்தான் போக வேண்டும். பட்டமளிப்பு நாளில் பதிவாளர் அந்தப் பெயரை வாசிக்கக் கூடாது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டச் சான்றிதழ்களில் பதிவாளர் கையெழுத்திடுவது பட்டமளிப்பு நாள் காலையில்தான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் வெறும் தாள். எஸ்தர் விலகினால் அந்த இடத்துக்கு வரவேண்டிய துணைப் பதிவாளரோ, அந்தப் பெண்ணின் சான்றிதழை என் கையால் தொடமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாளுக்கு ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் மூன்று பேர் எஸ்தருக்கு யோசனை சொன்னோம்.

துணைவேந்தர், அஞ்சலில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். நான், மேடையிலேயே வாசித்துவிடுங்கள், வருவது வரட்டும் என்றேன். "குழு முடிவை நான் மீறினா பட்டத்தை ரத்து பண்ண அதுவே போதும் அண்ணாச்சி. கைதட்டல் உங்களுக்கு, நஷ்டம் அவளுக்கா?" என்றார் எஸ்தர். பேச்சியம்மாளின் தகப்பனார் சுடலைமுத்து பேருந்து நடத்துநர். இந்தப் பதவியை இப்போதே தூக்கி எறிந்துவிட்டு வாருங்கள் என்றார் அவர். அப்படியானால் நாளைக் காலையில் கையெழுத்துப் போடுவது யார்?

கடைசியில் பேச்சியம்மாளே பேசினாள். "பட்டம் போனாலும் போகட்டும் மேடம். நான் வாசிச்சதுல ஒரு வரி பொய் இல்ல. என் பேரு ஒளிஞ்சு ஒளிஞ்சு தபால்ல வரக் கூடாது."

மாணவிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, குழுவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. பட்டமும் செல்லுபடியாக வேண்டும், பெயரும் ஒளியக் கூடாது. மூன்று பேரில் யார் சொன்னது சரி? அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

விடை: மூன்று பேரும் சொன்னது அரைகுறை. எஸ்தர் மனோரஞ்சிதம் காலையில் எல்லாச் சான்றிதழ்களிலும் கையெழுத்திட்டார். பேச்சியம்மாளின் சான்றிதழைக் குழு சொன்னபடி தம் கையாலேயே பதிவு அஞ்சலில் சேர்த்தார். அதன் பிறகு பதவி விலகல் கடிதத்தைத் துணைவேந்தரிடம் நீட்டினார். அவர் இதற்காகவே காத்திருந்தவர்போல உடனே ஏற்றுக்கொண்டார். இனி எஸ்தர் வெறும் பேராசிரியர்; மறுநாள் வகுப்பு இருக்கிறது. நாற்காலியைப் பிடித்தவர்கள் பலரை இந்தப் போராட்டங்களில் கண்டிருக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த கையோடு எழுந்து வந்தவர் இவர் ஒருவர்தான். உள்ளே ஒலிபெருக்கியில் மற்றவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே பிரதான வாசலில் துப்புரவுப் பெண்கள், காவலாளிகள், மாணவர்கள், சீருடையில் சுடலைமுத்து, அவர் பக்கத்தில் பேச்சியம்மாள், நான். கல்படியில் ஏறி நின்று, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அவர் வாசித்தார்: "பேச்சியம்மாள், தகப்பனார் சுடலைமுத்து. தொடர்பியல் முதுகலை, முதல் வகுப்பு."