குளத்தை அளந்த கல்

ஒரு குளம் நிறைந்திருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்?

நாணல் குளத்துத் தவளைகள் ஒரு கல்லை வைத்துச் சொல்லின. மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்டிருந்தால் பாட்டுக் கச்சேரி. தொடாவிட்டால் எல்லோரும் போய், குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்திருக்கும் மண்ணையும் கோரையையும் வார வேண்டும். இதுதான் வழக்கம்.

ஆனால் தவளைகளுக்கு ஆயுசு கொஞ்சம். நாட்டாமை அடிக்கடி மாறுவார். புதிதாக வருகிறவர், தான் வாலோடு நீந்திய வயதில் தண்ணீர் எதுவரை இருந்ததோ, அங்கே கல்லை உருட்டி வைத்துக்கொள்வார். அதனால் வருஷா வருஷம் கச்சேரிதான். வாய்க்காலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தக் குளத்தில் ஓட்டாயி என்றொரு ஆமை இருந்தாள். கூடப் பிறந்தவர்கள் தண்ணீர் தேடி எப்போதோ போய்விட்டார்கள். பேச்சுத் துணைக்கு இருந்த விரால் மீனும் இல்லை. அவள் ஒன்று சொன்னால், “ஆமாம், எனக்கும் ஞாபகம் இருக்கு” என்று சொல்ல ஓர் உயிர் கிடையாது.

“நான் பிறந்தப்போ கல்லு அந்த மருதமரத்தடியில இருந்துச்சு” என்றாள் ஒருநாள்.

நாட்டாமை கொரட்டன் சிரித்தார். “மரத்தடியிலயா? அங்க போய்ச் சேரவே ரெண்டு நாள் தத்தணும். ஆமையக்கா, வெயில்ல ஓடு சூடாயிடுச்சு போல!”

எல்லாத் தவளைகளும் சிரித்தன. ஓட்டாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் குளம் சேற்றுக் குட்டையாகச் சுருங்கியது. கொரட்டனின் மனைவி வெள்ளச்சியின் குஞ்சுகள் அதில் நெளிந்தன. ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை.

வெள்ளச்சி ஆமையிடம் வந்தாள். “அக்கா, சிரிச்சதை மனசுல வைக்காதீங்க. அந்த இடத்தைக் காட்டுங்க.”

ஓட்டாயி மருதமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். வெள்ளச்சி மண்ணைக் கிளறினாள். குளத்து நத்தைகளின் ஓடுகள் வந்தன. அவற்றை வந்து பார்த்த கொரட்டன் வாய்க்காலுக்கு முதல் ஆளாகப் போனார்.

மூன்று நாள் வாரினார்கள். நான்காம் நாள் கோடை மழை கொட்டியது. தண்ணீர் வழி தெரிந்து குளத்துக்குள் வந்தது. குஞ்சுகளில் பாதிதான் பிழைத்தன.

கொரட்டன் கல்லை மருதமரத்தடிக்கு உருட்டி வந்தார். “இனிமே ஆமையக்கா சொன்னதுதான் அளவு.”

வெள்ளச்சி மட்டும் கிளறுவதை நிறுத்தவில்லை. மரத்தையும் தாண்டி, கறையான் புற்றுப் பக்கம் போயிருந்தாள். “அக்கா, இங்கயும் ஓடு கிடக்கு! இன்னும் பெரிசு பெரிசா!”

ஓட்டாயி மெதுவாக நடந்து போனாள். அங்கே தண்ணீர் நின்று அவள் பார்த்ததே இல்லை. முழுக் குளத்தையும் பார்த்தவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு முந்தியவர் யாரும் இல்லை.

அவரவர் கண் திறந்த நாளில் கண்டதையே முழு அளவென்று நம்பினால், எவ்வளவு இழந்தோம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஓட்டாயி திரும்பிப் பார்த்தாள்.

“நாட்டாமை, எனக்காகக் கல்லை அங்க நிறுத்தாதீங்க. இங்க கொண்டாந்து வைங்க.”