கொடியைக் கண்டு கத்தியவள்

ஓடைக்கரை உடைமரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வாழ்ந்தது. ஆபத்தை யார் கண்டாலும் கத்தலாம் என்பது அவர்கள் வழக்கம். ஒருவர் கத்தினால் போதும், எல்லாரும் பறந்து வந்து சேர்ந்து விரட்டுவார்கள்.

நெட்டையன் தலைவனானதும் அந்த வழக்கத்தை மாற்றினான்.

"ஆளாளுக்குக் கத்தினால் இரை பொறுக்குவது எப்போது? இனி எதைக் கண்டாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள். கத்துவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்!"

அவன் பார்வை செவ்வந்தியின் மேல் நின்றது. முந்தின நாள் காய்ந்த கொடியைப் பாம்பென்று நினைத்துக் கத்தியவள் அவள்தான். முட்டையிலிருந்து வந்து நான்கே நாளான மூன்று குஞ்சுகளுக்குத் தாய். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை செவ்வந்தி கூட்டுக்குத் திரும்பினாள். அடிமரத்தில் ஒரு சாரைப்பாம்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தாள். நெட்டையனின் பார்வை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு ஓடைக்குப் பறந்தாள்.

நெட்டையன் குளித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பாம்பு! மரத்தில் ஏறுகிறது!"

"பாம்பா, கொடியா?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாம்புதான் அண்ணே! என் பிள்ளைகள்..."

"தலையைப் பார்த்தாயா? இல்லை, வாலை மட்டும் பார்த்தாயா?" சிறகை உதறிக்கொண்டான். "இரு, இதோ இந்த மொட்டைவாலன் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் சொல்கிறேன்."

"அதுவரை பாம்பு காத்திருக்குமா அண்ணே!"

செவ்வந்தி பதிலுக்கு நிற்கவில்லை. மரத்தை நோக்கிப் பறந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபின் யாரும் தலைவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டமே பாய்ந்தது. கொத்தினார்கள், சிறகால் அடித்தார்கள். பாம்பு பொத்தென்று விழுந்து புதருக்குள் ஓடி மறைந்தது.

கூட்டில் இரண்டு குஞ்சுகளே இருந்தன.

இரண்டும் பசியில் வாயைத் திறந்தன. நெட்டையன் எங்கோ போய் ஒரு புழுவோடு வந்தான். அதைக் கூட்டின் ஓரத்தில் வைத்தான்.

"நான் குளித்து முடிக்கும்வரை பாம்பு காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன், தங்கச்சி. இனி கண்டவர் கத்தட்டும். கொடியாகவே இருந்தாலும் முதலில் நான் வருகிறேன்!"

செவ்வந்தி அந்தப் புழுவைப் பழக்கத்தில் மூன்றாகக் கிள்ளினாள்.

ஆபத்தைக் கண்டவர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் குரல் கொடுக்கும்படி கூட்டத்தை வைத்திருப்பவரே நல்ல தலைவர்.