பல்லி ஒன்று, செத்த கொசு மூன்று, துடைப்பத்தோடு பெண் ஒன்று

வடுகங்குட்டையில் புத்தி என்பது பொதுச்சொத்து. ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரு கைப்பிடிதான் இருந்தது. அவசரக்காரர்கள் வாங்கிப் போய், காரியம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவார்கள். சென்றாயனுக்குப் பெண் பார்க்க நான்கு பேர் மலையேறிய அன்று அது யார் வீட்டில் இருந்ததோ, இவர்களிடம் இல்லை.

சென்றாயனுக்கு முப்பத்துநான்கு வயது. நல்லவன், உழைப்பாளி, சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டான். அதனாலேயே பதினோரு வீட்டில் பெண் தர மறுத்துவிட்டார்கள். கடைசியாகப் போன வீட்டில் பெண்ணைப் பெற்றவள், "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள். சென்றாயன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கட்டிலில் கால் நீட்டிப் படுத்தான். "சரிங்க, பொழுது சாயுது, நீங்கெல்லாம் உங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்று அந்தக் குடும்பத்தையே வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டான்.

பன்னிரண்டாவது இடம் முகட்டுமலையில் கிடைத்தது. அங்கே ஆனைக்கண் ஏரிக்கரையில் ஒரு லாட்ஜ். அதைப் பார்த்துக்கொள்பவர் பெரியண்ணன். அவர் மகள் கோகிலவாணி. முன்னால் எட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, மூன்று மூன்று நாள் ஓசியில் தங்கி, தலையணையைக் கிழித்து, சுவரில் வெற்றிலைச் சாற்றைத் துப்பி, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போயிருந்தார்கள். பெரியண்ணன் வெறுத்துப்போய், அறைக் கதவின் உட்பக்கம் ஒரு பலகையில் விதிகளை எழுதி மாட்டிவிட்டார்.

"ஒரே பேச்சுங்க," என்றார், நால்வரையும் வாசலில் நிறுத்தி. "மூணு நாள் தங்குங்க. பலகையில இருக்கறதை ஒண்ணு விடாம கடைப்பிடிக்கறவருக்குத்தான் என் பொண்ணு. ஒண்ணு பிசகினாலும் நாலு மணிக்குப் பஸ்ஸு இருக்குது."

சென்றாயன் காதில் பாதிதான் விழுந்தது. அறையின் மூலையில் கோகிலவாணி துடைப்பத்தோடு பெருக்கிக்கொண்டிருந்தாள். தூசி எழும்பியது. அவள் "அச்சூ!" என்று ஒரு தும்மல் போட்டாள். சென்றாயனுடைய நெஞ்சு அந்தத் தும்மலோடு பறந்துபோய் எங்கோ ஏரியில் விழுந்தது.

தாய்மாமன் வெள்ளியங்கிரி பலகை முன்னால் போய் நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அவர்தான் தலைவர். பெரியப்பன் மகன் மாதையன் பக்கத்தில் நின்றான். ஒன்றுவிட்ட தம்பி தொப்பளான் எல்லோருடைய மூட்டையையும் சுமந்துகொண்டு பின்னால் நின்றான். எந்தக் காரியத்திலும் கடைசியில் அவன் தலையில்தான் விடியும்; அவனுக்கும் அது பழகிவிட்டது.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: ஏரிக்கரையில் இருக்கும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. காட்டில் சத்தம் போடக் கூடாது. மஞ்சள் அம்புக்குறி காட்டும் வழியில் மட்டுமே நடக்க வேண்டும். அட்டை கடித்தால் உப்பு வைக்கவும். அறையை, வந்தபோது இருந்தபடியே விட்டுச் செல்லவும்.

"கடைசி வரிதான்டா கண்டம்," என்றார் மாமா.

"இருந்தபடியேன்னா எப்படிங்க மாமா?"

"இருந்தபடியேன்னா இருந்தபடியேதான். மாதையா, கண்ணுல படறதையெல்லாம் எழுது."

மாதையன் காலண்டர் தாளின் முதுகில் எழுதினான். பல்லி ஒன்று, டியூப்லைட்டுக்குக் கீழே, ஜன்னலைப் பார்த்தபடி. செத்த கொசு மூன்று, ஜன்னல் கட்டையில். சொட்டும் குழாய் ஒன்று. துடைப்பத்தோடு பெண் ஒன்று, மூலையில். தும்மல் ஒன்று.

"தும்மலையுமா எழுதறே?"

"வந்தப்ப இருந்துச்சே மாமா."

மாமாவுக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

லாட்ஜ் இருந்ததே ஏரிக்கரையில். ஆகவே நால்வரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டியவர்கள் மாட்டியவர்கள்தான். அதோடுதான் சாப்பிட்டார்கள். குளியலறையில் அதோடுதான் குளித்தார்கள். படுக்கையில் மல்லாந்தால் புரள முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட வண்டு மாதிரி நாலு பேரும் கால்களை ஆட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

மறுநாள் காட்டுப் பாதையில் நடக்கக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே தொப்பளானின் கெண்டைக்காலை ஓர் அட்டை பிடித்துக்கொண்டது. காட்டில் சத்தம் கூடாது என்பதால் அவன் வாயை மட்டும் அகலமாகத் திறந்து கத்தினான்.

"உப்பை வைங்கடா," என்றார் மாமா ரகசியக் குரலில்.

மாதையன் ஒரு தேக்கிலையைக் கிள்ளி, தொப்பளான் கால் பக்கத்தில் விரித்து, நடுவில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தான். நால்வரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"திங்க மாட்டேங்குதுங்க மாமா."

"வெறும் உப்பை நீ திம்பியாடா? கட்டுச்சோத்தைப் பிரி."

எலுமிச்சைச் சோறு வைத்தார்கள். ஊறுகாயும் வைத்தார்கள். தொப்பளானுடைய ரத்தத்தை வயிறு முட்டக் குடித்து முடித்த அட்டை, தானாக உருண்டு இலையில் விழுந்தது.

"பாத்தியா, சோத்தைக் கண்டதும் மரியாதையா எறங்கி வந்துருச்சு," என்றார் மாமா. "நல்ல குடும்பத்து அட்டை."

மேலே போனால் ஒரு பெரிய நாவல் மரம். மரத்தில் ஆணியடித்த மஞ்சள் அம்புக்குறி. இரண்டு ஆணியில் ஒன்று எப்போதோ விழுந்துவிட்டதால், அம்பு திரும்பி நேரே வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். உச்சிக் கிளைக்குப் போனதும் வழி முடிந்துவிட்டது.

"அடுத்த அம்பு எங்கடா?" என்று கிசுகிசுத்தார் மாமா.

"மேகத்துக்குப் பின்னால இருக்குமோ என்னமோ. மேகம் விலகட்டுங்க."

மேகம் விலகியது. அம்பு இல்லை. மத்தியானம் ஆயிற்று. இறங்கலாம் என்றால் அம்பு மேலே அல்லவா காட்டுகிறது? உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் சத்தம் கூடாது. இதற்குள் தொப்பளான் உட்கார்ந்த கிளை மெல்ல முனகத் தொடங்கியது. சென்றாயனுக்குக் கோகிலவாணியின் முகம் கண்ணுக்குள் வந்தது. பன்னிரண்டாவது இடமும் போய்விட்டால் பதிமூன்றுக்கு ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"தொப்பளா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்," என்று கிசுகிசுத்தான். "விழறதா இருந்தா சத்தமில்லாம விழு."

லாட்ஜின் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கோகிலவாணி மலையைப் பார்த்தாள். நாவல் மரத்தில் ஆரஞ்சுப் பழம், அதுவும் நாலே நாலு, ஒவ்வொன்றும் ஆள் அளவில்! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே வந்தாள்.

"அங்க என்னங்க பண்றீங்க?"

நால்வரும் அம்பைச் சுட்டிக் காட்டினார்கள். அவள் அம்பைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஒற்றை ஆணியில் தொங்கிய பலகையைப் பிடித்து, அம்பு தரையைக் காட்டும்படி கீழ்நோக்கித் திருப்பினாள்.

அடுத்த நொடியே நால்வரும் சரசரவென்று இறங்கினார்கள். இறங்கிய மாதையன் அங்கேயே மண்டியிட்டுக் கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். "இன்னும் கீழதான் காட்டுதுங்க." அவன் முழங்கை ஆழம் போவதற்குள் கோகிலவாணி ஒரு கல்லை எடுத்து, தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி ஆணியாக அடித்து, அம்பைப் பாதைப் பக்கம் நிமிர்த்திவிட்டாள்.

"எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று கேட்டாள் சென்றாயனிடம்.

"பலகை தப்பினா நீங்க இல்லைன்னு சொல்லிட்டாருங்களே," என்றான் அவன், காதோடு காதாக. காட்டில் சத்தம் கூடாதல்லவா.

மூன்றாம் நாள் காலையில் மாமா பட்டியலோடு அறையைச் சரிபார்த்தார். ஜன்னல் கட்டையில் செத்த கொசு இரண்டுதான் இருந்தது. பல்லியின் வயிறு மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது.

"பல்லி வயித்துல இருந்தாலும் அறைக்குள்ளதானே மாமா இருக்குது?" என்றான் மாதையன்.

"அறையில இருக்குது. கட்டையில இல்லையே."

அந்த மலைக் குளிரில் கொசு கிடைப்பது சாதாரணமா? தொப்பளானை வேட்டியை மடித்துக் கட்டவைத்து ஏரியோரம் உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தான். கடைசியில் வழி தவறிய ஒரு கொசு வந்து அவன் கன்னத்தில் அமர்ந்தது.

"அசையாதே! இங்க செத்தா செல்லாது, அறைக்குள்ளதான் சாகணும்."

கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப்போகிற மாதிரி அந்தக் கொசுவை அழைத்துப் போனார்கள். மாதையன் கதவைத் திறந்து பிடித்தான். சென்றாயன் முன்னால் நடந்து காற்றை மறைத்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் போனதும் மாமா ஓங்கி ஓர் அறை விட்டார். கொசு மூன்று ஆயிற்று. தொப்பளான் கன்னத்தில் விரல் ஐந்து ஆயிற்று.

பல்லி ஜன்னலைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றுதான் மிச்சக் குறை. புதுக் கொசுவின் வாசனைக்கு அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பியது. உடனே நால்வரும் கொசுவுக்கும் பல்லிக்கும் நடுவே கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கோலத்தில்தான் பெரியண்ணன் உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையணையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பட்டியலை வாங்கிக் கொசுக்களை எண்ணினார்.

"எட்டுப் பேர் வந்தாங்க. போறப்ப பல்பைக் கழட்டிட்டுப் போனவனும் உண்டு. செத்த கொசுவைக்கூட வெச்சுட்டுப் போற மாப்பிள்ளையை நான் எங்க போய்த் தேடுவேன்? என்னம்மா சொல்றே?"

"எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள் கோகிலவாணி. "இவரு சொன்னதைச் செய்வாரு. என்ன சொல்லணும்னு நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கே நல்ல முகூர்த்தம் இருந்தது. ஏரிக்கரைப் பிள்ளையார் முன்னால் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளைக்குப் போட்ட மாலை லைஃப் ஜாக்கெட்டின் மேல் கனஜோராக உட்கார்ந்தது. மூன்றரை மணிக்குப் பெண்ணின் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்தது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"கிளம்பறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை," என்று மாதையன் பட்டியலைப் பிரித்தான். "பல்லி, இருக்குது. கொசு, இருக்குது. குழாய், சொட்டுது. துடைப்பத்தோடு பெண் ஒன்று, மூலையில்..."

நால்வரும் மூலையைப் பார்த்தார்கள். பிறகு பட்டுப்புடவையில் வாசலில் நின்ற கோகிலவாணியைப் பார்த்தார்கள். சென்றாயனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போனா அறை வந்தப்ப இருந்தபடி இல்லை," என்றார் மாமா மெதுவாக. "அறை இருந்தபடி இல்லேன்னா நமக்குப் பொண்ணு இல்லை."

பெரியண்ணன் பலகையைப் பார்த்தார். தான் எழுதியதைத் தானே மீறுவதா?

"அப்ப நானும் இங்கேயே இருந்துடறேன்," என்றான் சென்றாயன் அழாத குறையாக.

"நாம வந்தப்ப நீ உள்ள இருந்தியாடா?"

இல்லைதான். ஹாரன் இன்னும் பக்கத்தில் கேட்டது. கோகிலவாணி ஒரு பெருமூச்சு விட்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய நூல்புடவையை எடுத்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். மற்றவர்களும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றான் தொப்பளான்.

ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே புடவை சுற்றி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து மூலையில் நிறுத்தினார்கள். மாமா தன் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை அவன் மூக்கில் ஏற்றினார்.

"துடைப்பத்தோடு பெண் ஒன்று," என்று படித்தார் பெரியண்ணன். "இருக்குது. தும்மல்?"

"ஆ... ஆ... அச்ச்ச்சூ!"

ஜன்னல் கட்டையிலிருந்த கொசு மூன்றும் ஓர் அடி எழும்பி, நல்லவேளையாக அங்கேயே விழுந்தன. பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரியா இருக்குது. போயிட்டு வாங்க மாப்பிள்ளை."

பஸ் போய்விட்டது. தொப்பளான் நின்றான். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அதே அறைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் சுற்றிப்பார்க்க வந்தது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் பலகையைப் படித்தார். மூலையில் நின்ற உருவத்தை மேலும் கீழும் பார்த்தார். மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்.

"பல்லி ஒண்ணு. செத்த கொசு மூணு. துடைப்பத்தோட, மீசையோட, பொண்ணு ஒண்ணு."

அன்றைக்குத்தான் மீசையை மழித்துவிடலாம் என்று தொப்பளான் பிளேடு வாங்கி இடுப்பில் செருகியிருந்தான். காதில் விழுந்ததும் அதை மெல்ல எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அவர்கள் கிளம்பும்போது பட்டியலில் மீசை குறைந்தால், பாவம், யாருடைய கல்யாணம் நின்றுபோகுமோ?