பரிவட்டம் கட்டிக்கிட்ட சடையம்மா

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். இக்கரையில சடையம்மான்னு ஒருத்தி, அக்கரையில பூவாத்தான்னு ஒருத்தி. ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாத்ததே இல்ல. அந்த வருசம் வெள்ளம் வந்து, தண்ணி ஒரே சேறாப் போயி, அதைக் குடிச்ச புள்ளைங்களுக்கெல்லாம் வயித்துப்போக்கு. தண்ணியைத் தெளிய வைக்கிறவங்களுக்குப் பரிவட்டம் கட்டி யானை மேல ஏத்துறேன்னு ராசா தண்டோரா போட்டாரு.

சடையம்மா சாம்பலைப் போட்டுப் பாத்தா, தெளியல. கரியைப் போட்டுப் பாத்தா, தெளியல. அப்புறம் காட்டுல கிடந்த தேத்தாங்கொட்டையை எடுத்துக் குடத்துக்குள்ள உரசிட்டுத் தண்ணியை ஊத்தி வச்சா, மண்ணெல்லாம் அடியில தங்கிருச்சு. சந்தோசம் தாங்காம ஓடக்காரன்கிட்ட சொன்னா. அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அட, அக்கரையில பூவாத்தாவும் நேத்து இதையேதான் கண்டுபிடிச்சா! உன்னைப் பத்தி அவகிட்டயும் சொல்றேன் ஆத்தா."

பரிவட்டம் பூவாத்தாவுக்குப் போயிருமோன்னு சடையம்மாவுக்குப் பயம் வந்துருச்சு. அவ யாரையும் பாத்துச் செய்யல, சொந்த மூளைதான், அதை நான் இல்லேங்கல. ஆனா அடுத்து ஒரு வேலை பண்ணினா பாரு! குடத்தைத் தூக்கிக்கிட்டுக் குறுக்கு வழியில அரமனைக்கு ஓடிட்டா.

ராசா தண்ணியைக் குடிச்சுப் பாத்துட்டு, "வேற யாருக்காச்சும் இது தெரியுமா தாயி? இருந்தா அவங்களுக்கும் மரியாதை செய்யணுமே"ன்னாரு.

"யாருக்கும் தெரியாது சாமி."

பரிவட்டம் கட்டையில கேட்டாரு, யாருக்கும் தெரியாதுன்னா. யானை மேல ஏத்தையில கேட்டாரு, அப்பவும் தெரியாதுன்னா. ஆனா மூணாந்தடவை சொல்றப்ப அவ ராசா மொகத்தைப் பாக்கல.

அப்ப பாத்து, மூச்சு வாங்க ஒருத்தி குடத்தோட வந்தா. பூவாத்தாதான். ராசா அவகிட்டயும் அதையே கேட்டாரு.

"தெரியும் சாமி, இக்கரையில சடையம்மான்னு ஒரு மகராசியும் கண்டுபிடிச்சிருக்காளாம். அவளை விட்டுட்டு நான் மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்? கூட்டிட்டு வரலாம்னு அவ வீட்டு வாசல்ல காத்துக் கிடந்தேன், ஆளக் காணோம். அதான் சாமி நேரமாயிருச்சு."

சபையே திரும்பி யானை மேல பாத்துச்சு. ஐயோ, அந்த நேரம் சடையம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்! கூசிப் போயிட்டா. இறங்கி வந்து, பரிவட்டத்தை அவுத்து, "நான்தாண்டி அந்தச் சடையம்மா"ன்னு பூவாத்தா கையில குடுத்தா. அவளோ அதை ரெண்டாக் கிழிச்சு, ஒரு பாதியை இவ தலையிலயே கட்டிவிட்டா. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடச் சடையம்மா தாங்கியிருப்பா, இதைத் தாங்க முடியல.

ராசாவும் திட்டல. "பொய் சொன்ன வாயாலயே துறைதுறையாப் போயி உண்மையைச் சொல்லிட்டு வா"ன்னாரு. அவளும் போனா. "கண்டுபிடிச்சது நாங்க ரெண்டு பேரு, நான் ஒருத்தின்னு மூணு தடவை பொய் சொன்னேன்"னு சொல்லி முடிச்சா, "உண்மையைச் சொல்லிட்டாளே, நல்லவ"ன்னு சனங்க மெச்சும். அப்பத்தான் அவளுக்கு இன்னும் வெக்கமா இருக்கும்.

ஆத்துத் தண்ணி தெளிஞ்சுது, ஊருப் புள்ளைங்க பொழைச்சுது, சடையம்மா தலை மட்டும் சாகுற வரைக்கும் நிமிரவே இல்ல.