மடத்துக்கு வந்த பச்சோந்தி

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்திலிருந்து பசியோடு எழுந்து போனவர் எவரும் இல்லை. அந்தப் பெருமை மடைப்பள்ளியைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்திவந்த ஆவுடையப்பரைச் சேரும். அவருக்கு வயது அறுபது. அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பது.

"உம்மைவிட இருபது வயது இளையவரிடம் பாடம் கேட்கிறீரே, வெட்கமாக இல்லையா?" என்று ஊரார் சிலர் கேட்டதுண்டு.

"கேட்கிற எனக்கு வயதாகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறவருக்கும் வயதாக வேண்டுமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவர் குழம்பைக் கிளறப் போய்விடுவார்.

ஒரு கோடையில் அடிவாரத்துப் புதர்க்காடு தீப்பற்றி எரிந்தது. மறுநாள் காலை வடிவம்மை தம் முந்தானையில் ஒரு பச்சோந்தியை ஏந்தி வந்தார். அதன் முன்கால் ஒன்று வெந்திருந்தது.

"கால் ஆறும்வரை இது நம் விருந்து. ஆவுடையப்பரே, இனி இது உம் பொறுப்பு."

ஆவுடையப்பர் மகிழ்ந்து போனார். பித்தளைத் தாம்பாளத்தில் வாழையிலை நறுக்கை விரித்து அதன்மேல் விருந்தாளியை அமர்த்தினார். பருப்புச் சோற்றில் நெய் விட்டு மசித்துச் சிறுசிறு உருண்டைகளாக வைத்தார். வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். பிறகு எதிரே கைகட்டி நின்றார்.

பச்சோந்தி ஒரு கண்ணால் சோற்றைப் பார்த்தது. மறு கண்ணால் அவரைப் பார்த்தது. இரண்டும் பிடித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் கதலிப்பழமும் பாலும் வைத்தார். மூன்றாம் நாள் தேனில் தோய்த்த அவல். விருந்தாளி எதையும் தொடவில்லை. அதன் உடல் கரியாகக் கறுத்தது. கண்கள் குழி விழுந்தன.

பூந்தோட்டத்தில் புல்லறுக்கும் செல்லி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"சாமி, அப்பளம் பொரிச்சு வச்சுப் பாத்தீயளா? தொட்டுக்க ஒண்ணுமில்லாமத்தான் எறங்கலையோ என்னமோ."

"கேலி செய்யாதே, செல்லி. இது சாகப்போகிறது."

"பின்னே சாகாம என்ன செய்யும்? அது பூச்சி திங்கிற ஜென்மம். அந்தப் பூச்சியும் உசுரோட அசையணும். கிண்ணத்துத் தண்ணிய அது திரும்பிக்கூடப் பாக்காது. எலையில சொட்டுச் சொட்டா நின்னாத்தான் நக்கிக் குடிக்கும். மரத்துல தொங்குறதத் தட்டுல ஒக்கார வச்சுட்டு, முன்னால நின்னு மொறச்சுப் பாத்துக்கிட்டும் இருந்தா, எனக்கே சோறு எறங்காது சாமி!"

ஆவுடையப்பர் தொட்டியில் வளர்ந்த நந்தியாவட்டைச் செடியைக் கூடத்துக்குள் தூக்கி வரச்செய்தார். வெளியே விட்டால் காக்கை கொத்திவிடும். பச்சோந்தியைக் கிளையில் ஏற்றி இலைகளின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். சற்று நேரத்தில் அது ஒரு துளியை நக்கியது. பிறகு இன்னொரு துளி.

தண்ணீர்ப் பாடு தீர்ந்தது. பூச்சி?

அந்த மடைப்பள்ளியில் பருப்பில் ஒரு வண்டு கிடந்தாலும் அதை இலையில் ஏந்திப்போய் வேப்பமரத்தடியில் விடுவார்கள். உயிரைக் கொன்ற கை அடுப்பைத் தொடக்கூடாது என்பது மடத்தைத் தொடங்கியவர் எழுதிவைத்த விதி. ஆவுடையப்பர் குருவிடம் போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளும்."

"நம் பந்தியில் நாற்பது நாள் உண்ட திருடன் ஒருவன் திருட்டையே விட்டான். இந்தச் சிறு உயிரை நம் சோற்றுக்குப் பழக்க முடியாதா?"

வடிவம்மை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் பார்த்தார்.

"இன்று மதியம் உமக்கு நான் பரிமாறுகிறேன். வந்து உட்காரும்."

மதியம் ஆவுடையப்பரின் இலையில் நறுக்கிய வைக்கோல் விழுந்தது. அதன்மேல் ஊறவைத்த பருத்திக்கொட்டை. அதன்மேல் ஒரு கை பிண்ணாக்கு. வடிவம்மை விசிறியோடு எதிரே அமர்ந்தார்.

"நம் தொழுவத்துச் சிவப்பி இதைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு வருவாள். கூச்சப்படாமல் சாப்பிடும்."

பந்தியில் சிரிப்பு எழுந்து பரவியது. குருவின் சொல்லை மீறி அறியாத ஆவுடையப்பர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மென்றார். மீண்டும் மென்றார். கண்ணில் நீர் முட்டியது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

அவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

"ஏன், நல்ல உணவுதானே?"

"பசுவுக்கு, அம்மா."

"அன்போடுதானே வைத்தேன்?"

"அன்பு தொண்டையிலேயே நிற்கிறது."

"போய்த் துப்பிவிட்டு வாரும்."

வாய் கொப்பளித்துத் திரும்பியவர் தலை குனிந்து நின்றார்.

"விளங்கியது, அம்மா. செல்லியை வெட்டுக்கிளி பிடித்துவரச் சொல்கிறேன். அவள் மடைப்பள்ளிக்குள் வருவதில்லை. விதி அவளைக் கட்டாது."

விசிறி நின்றது.

"உம் கை சுத்தமாக இருக்க அவள் கை அழுக்காக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அவள் எப்போது சம்மதித்தாள்?"

ஆவுடையப்பர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் யார் பிடிப்பது, அம்மா?"

"விருந்து யார் பொறுப்பு?"

அவர் வெயிலிலேயே புல்வெளிக்கு நடந்தார். முதல் வெட்டுக்கிளி உள்ளங்கையில் உதைத்தது. அந்த உதையில் அவர் கை தானாகத் திறந்துகொண்டது. அடுத்ததையும் விட்டுவிட்டார். வெறுங்கையோடு கூடத்துக்குத் திரும்பிப் பார்த்தார். பச்சோந்தியின் தலை கிளையின்மேல் சாய்ந்திருந்தது. மறுபடியும் புல்வெளிக்குப் போனார். மூன்றாவது வெட்டுக்கிளி உதைக்க உதைக்க மூடிய கையைத் திறக்காமல் கொண்டுவந்து கிளையின் நுனியில் விட்டார். தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வெட்டுக்கிளி ஒரு காலை அசைத்தது.

பச்சோந்தியின் கண் ஒன்று திரும்பியது. வேறெங்கோ பார்த்திருந்த மறு கண்ணும் திரும்பியது. அது வந்த நாள்முதல் அதன் இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்து அவர் கண்டதில்லை. கிளையை மூன்று கால்களால் பற்றி, வெந்த காலை நெஞ்சோடு மடக்கி, உடலை முன்னே சாய்த்தது. வாய் மெல்லத் திறந்தது. உடலைவிட நீண்ட நாக்கு ஒன்று பாய்ந்து திரும்பிவிட்டது. ஆவுடையப்பர் இமைத்திருந்தால் அது நடந்ததே தெரிந்திராது. கிளை நுனி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. பச்சோந்தி நிதானமாக மென்றது.

பதினைந்து ஆண்டுகளில் அவர் அரசர் உண்டும் பார்த்திருக்கிறார், ஆண்டி உண்டும் பார்த்திருக்கிறார். இத்தனை கவனமாக, ஒரு துளி சிந்தாமல் உண்ட ஒருவரை அவர் கண்டதில்லை. அதன் கழுத்தோரத்தில் கருமை கலைந்து, தளிரின் பச்சை ஊறி வருவதைப் பார்த்தபடி நின்றார். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டார்.

பிறகு ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈர வேட்டியோடு வந்து, மடைப்பள்ளிச் சாவியை வடிவம்மையின் காலடியில் வைத்தார்.

"அம்மா, இந்தக் கை ஓர் உயிரைக் கொன்றுவிட்டது. விதிப்படி விலகுகிறேன். மாலைப் பந்திக்கு வேறு ஒருவரைப் பாருங்கள்."

"விருந்து சாப்பிட்டதா?"

"சாப்பிட்டது."

"நீர் பார்த்தீரா?"

"பார்த்தேன், அம்மா. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை."

வடிவம்மை குனிந்து, தரையில் கிடந்த சாவியைத் தம் கையாலேயே எடுத்து அவரிடம் நீட்டினார்.

"விதியை எழுதியவர் பச்சோந்தி வளர்த்ததில்லை. பிடியும்."

சாவியை வாங்க அவர் கை நீளவில்லை.

"அப்படியானால் பாவம் இல்லையா, அம்மா?"

"இருக்கிறது."

"அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"நாளைக்கு இரண்டாகப் பிடித்து வாரும். விருந்தாளிக்கு ஒன்று போதாது."