நன்றி வாங்கிய பாலம்

கரிச்சான்குடி ஆற்றுக்குப் பாலம் கேட்டுக் கேட்டு, கடைசி வரிசை எம்.எல்.ஏ. மாசிலாமணிக்குத் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். எப்போது கேட்டாலும் அமைச்சர் தணிகைவேல், "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். வெறுத்துப்போய், இந்த முறை சட்டசபையில் மாசிலாமணி கேள்வியே கேட்கவில்லை.

"கரிச்சான்குடிக்குப் பாலம் கட்டித் தந்த மாண்புமிகு அமைச்சருக்கு என் தொகுதி மக்களின் நன்றி" என்றார்.

ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். பாராட்டு என்று வந்துவிட்டால் அமைச்சர் எதையும் விசாரிக்க மாட்டார். எழுந்து கும்பிட்டு, "அந்தப் பாலத்தை நானே முன்னின்று கட்டினேன்" என்றார்.

"எந்த ஊரில் கட்டினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடக்கிற எங்கள் ஜனங்கள் அங்கே போய்க் கடந்துகொள்வார்கள்."

அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கட்சி வரிசையே ஒரே குரலில் சொன்னது:

"பரிசீலனையில் இருக்கிறது."